வேட்பாளர் வீட்டு வெள்ளைக் கூடாரம்

“போயிட்டியா ராசா! எங்களையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டியா!”

ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்த வீட்டு வாசலில் இப்படி ஓர் ஒப்பாரி கேட்டால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? ஏணி உச்சியில் நின்று கூடாரக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த குரு கீழே எட்டிப் பார்த்தான். தெருமுனையில் வடைக்கடை போட்டிருக்கும் வீரம்மா, பேனரில் இருந்த அவன் படத்துக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஆன்டி! என்ன ஆச்சு? யாரு போயிட்டா?”

வீரம்மா அண்ணாந்து பார்த்தார். அழுகை பட்டென்று நின்றது.

“நீதான்பா. நீ போயிட்டேன்னுதானே அழுதுகிட்டு இருக்கேன்.”

“நான் இங்கதானே நிக்கிறேன்!”

“அதான் தெரியுதே. எறங்கி வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாரு. நான் அழுதது தப்பான்னு அப்புறம் சொல்லு.”

குரு இறங்கிப் போய்ப் பார்த்தான். வெறும் வெள்ளைக் கூடாரம். அதன் கீழே வரிசையாக வெள்ளை நாற்காலிகள். நடுவில் ஆளுயரப் படம். படத்தில் அவன் கழுத்தில் மாலை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘என்றும் உங்களோடு’.

குருவுக்குக் கூடாரம் போடுவதுதான் தொழில். கல்யாண வீடென்றால் மஞ்சளும் சிவப்புமாக ஜிகினாத் துணி தொங்கும். சாவு வீடென்றால் வெறும் வெள்ளை. கிள்ளானில் இந்த வித்தியாசம் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தொழில்காரன் மறந்துவிட்டான். மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. வண்ணத் துணி மொத்தமும் காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது வெள்ளைதான். படம்? அதுவும் அப்படித்தான். போன வருடம் கோயில் திருவிழாவுக்கு இலவசமாகக் கூடாரம் போட்டதற்கு மாலை போட்டார்களே, அந்த ஒரு படத்தில்தான் அவன் தலை வாரியிருந்தான்.

“வோட்டு கேக்கத்தான் ஆன்டி டென்ட் போட்டேன். சாயங்காலம் டேவான் மண்டபத்துல எலெக்‌ஷன் இருக்குல்ல?”

“ஆமாலா, எலெக்‌ஷன்.” வீரம்மா படத்தை ஒரு தரம் பார்த்தார். கூடாரத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு குருவை மேலும் கீழும் பார்த்தார். “சரி, சரி. நீ வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி கடைப்பக்கம் நடந்தார்.

அது என்ன எலெக்‌ஷன் என்று சொல்லிவிட வேண்டும். நகராண்மைக் கழகத்துக்கு இந்த நாட்டில் தேர்தல் கிடையாது. மேலேயிருந்து நியமிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த முறை வட்டாரச் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன தோன்றியதோ, “உங்க தாமான்லேர்ந்து யாரை கவுன்சிலரா போடலாம்னு நீங்களே கூடிக் கை தூக்கிச் சொல்லுங்க. அந்தப் பேரை நான் மேல அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டார்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் திருச்செல்வம்தான் என்று தாமான் கெனாங்கா ஜெயா குடியிருப்பே நினைத்திருந்தது. அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சட்டைப்பையில் ரெண்டு பேனா வைத்திருப்பார். தாமான் கால்வாய் அடைத்துக்கொண்டிருப்பதை அவரிடம் யார் எப்போது சொன்னாலும், “ஃபைல் மூவ் ஆயிட்டு இருக்கு” என்பார். ஃபைல் மூவ் ஆகிக்கொண்டே இருந்தது. தண்ணீர்தான் மூவ் ஆகவில்லை.

போன மாத மழையில் கால்வாய் பொங்கியது. குருவின் ஸ்டோருக்குள் புகுந்து பட்டுத்துணிகளைப் பூசணம் பிடிக்க வைத்தது. வீரம்மாவின் அடுப்படிக்குள் முழங்காலளவு நின்றது. உளுந்து மாவு அண்டா மிதந்து வாசலுக்கு வந்ததைக் குரு கண்ணால் பார்த்தான். அன்றைக்கே முடிவு செய்தான், நிற்பது என்று. கவுன்சிலராகிவிட்டால் அந்தக் கால்வாயை ஒரு வழி பண்ணிவிடலாம். இல்லாவிட்டால் அடுத்த மழையோடு தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தாமான் சிரித்தது. “நம்ம கல்யாணத்துக்கு நாற்காலி தூக்குற பையன்தானே? அவனுக்கு என்னத்துக்கு இந்த வேலை?” அவனிடமே நேராகச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கெல்லாம் நாற்காலி தூக்கினவன்தான் குரு. சொல்லிக்காட்டத் தெரியாத பிறவி. சுருக்கென்று இருந்தாலும் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

“டேய், அந்தப் படத்த மொதல்ல கழட்டு” என்றான் சுகுமாறன். அவன்தான் குருவின் கூட்டாளி, லோரி ஓட்டுநர், தேர்தல் ஆலோசகர், எல்லாம். “மாலை போட்ட படத்தாலதான் வம்பு.”

படத்தைக் கழற்றினார்கள். அங்கேதான் வினை. படம் இருந்தவரை செத்தது குரு என்று மட்டும் நினைத்தார்கள். படம் போனதும், யார் என்று ஆளுக்கொன்றாக நினைக்க ஆரம்பித்தார்கள். அடுத்த தெரு ஆசிரியர் ஒருவர் வந்து, குருவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவுக்கு எத்தனை வயசுப்பா?” என்றார்.

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல சார். சாலாக் செலாத்தான்ல அக்கா வீட்டுல நல்லா இருக்காரு.”

“மனச திடப்படுத்திக்கப்பா. இந்த மாதிரி நேரத்துல இப்படித்தான் பேசத் தோணும்.”

அவர் போன கையோடு அக்காவின் போன் வந்தது. எடுத்தால் அப்பாவின் அலறல்.

“ஐயோ, எம்புள்ள போயிட்டானாமே! இது யாரு பேசுறது?”

“அப்பா, நான்தாம்பா, குரு.”

“அவன் போன எடுத்து எவன்டா பேசுறது? படுபாவி! செத்தவன் போனைக்கூட விட மாட்டீங்களா?”

போன் அணைந்தது. திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை.

“வாட்ஸ்அப்ல போட்டுரு” என்றான் சுகுமாறன். “தாமான் குரூப்ல ஒரே மெசேஜ். முடிஞ்சது கத.”

குரூப்பைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே காரியமே முடிந்துவிட்டிருந்தது. ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. கும்பிடும் கைகள். அழும் முகங்கள். யாரோ ஒரு புண்ணியவான் எரியும் மெழுகுவர்த்தியை அசைபடமாகவே போட்டிருந்தார். குரு அவசர அவசரமாகத் தட்டினான்: ‘நான் சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன். வோட்டுப் போடுங்கள்.’

பதில் உடனே வந்தது. ‘இறந்தவர் போனை வைத்து விளையாடுவது யார்? கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?’ அதற்குப் பதின்மூன்றாம் எண் வீட்டுக்காரர் கட்டை விரலை உயர்த்தினார். அடுத்த நிமிடம் திரையில் ஒரு வரி வந்தது: குழுவிலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள். நீக்கியவர், குரூப் அட்மின் திருச்செல்வம்.

“என்னைத் தூக்கிட்டாருடா!”

“தூக்கத்தானே செய்வாங்க” என்றான் சுகுமாறன் யோசனையாக. “செத்தவன வச்சிருக்க முடியுமா?”

“டேய்!”

குரு திருச்செல்வத்தையே நேராக அழைத்தான். மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தான். இந்த முறை அந்தப் பக்கம் கைப்பேசியே செத்துப்போனது. இறந்தவன் எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தால் எந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்தான் எடுப்பார்?

“வீட்டுக்குப் போயி நேர்லயே நின்னுருவமா?”

“அவரு கோயில்ல இருக்காரு. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறாருல்ல? விரதம். சாவு வீடுன்னு காதுல விழுந்தா இந்தத் தெருப்பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டாரு. சாயங்காலம் நேரா டேவானுக்குத்தான் வருவாரு.”

அப்போதுதான் தெருமுனையில் உறுமி சத்தம் கேட்டது.

கன்னையாவின் உறுமி மேளக் குழு. கறுப்பு ஜிப்பா போட்ட ஆறேழு பேர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தெருவே அதிர அடித்துக்கொண்டு வந்தார்கள். குருவும் கன்னையாவும் எத்தனையோ சாவு வீடுகளில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். குருவைக் கண்டதும் கன்னையாவின் கைக்குச்சி நழுவி விழுந்தது.

“அடப்பாவி! நீ இருக்கியா?”

“இருக்கேண்ணே. யாரு சொன்னா உங்களுக்கு?”

“ஒரு பொம்பள போன் பண்ணுச்சிப்பா. ‘நம்ம டென்ட் குரு போயிட்டான், தொழில்காரனுக்குத் தொழில்காரன் வந்து நல்லா அடிச்சிட்டுப் போங்க’ன்னு அழுதுச்சி. தெரு முக்குலேர்ந்து அடிச்சிட்டு வரோம். இப்ப என்ன பண்ண?”

அதற்குள் எல்லா வீட்டுச் சன்னலும் திறந்துவிட்டன. உறுமியும் வந்தாகிவிட்டது, இனி யார் நம்ப மாட்டார்கள்? குரு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கஷ்டப்பட்டுச் சேர்த்த பத்துப் பன்னிரண்டு வோட்டும் இப்படிப் போய்விட்டதே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

வடைத்தட்டோடு வீரம்மா வந்து சேர்ந்தார்.

“இதுக்குப் போயி ஒக்காந்துட்டியே தம்பி. வாழமரம் கட்டு. மாவிலைத் தோரணம் போடு. கன்னையாவ நல்ல குத்தாட்டத்துக்கு அடிக்கச் சொல்லு. நல்ல காரியம்னு தெரிஞ்சிரும்ல?”

நியாயமாகத்தான் பட்டது. பின்வீட்டிலிருந்து ரெண்டு வாழைமரம் வெட்டி வந்து கட்டினார்கள். தோரணம் ஆடியது. கன்னையா குழு முகத்தைத் துடைத்துக்கொண்டு குத்தாட்டம் அடித்தது. வந்தவர்கள் பார்த்தார்கள். வெள்ளைக் கூடாரம், வாழைமரம், உறுமி, ஆட்டம். தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள்.

“கல்யாணச் சாவு. பெரியவரு நெறைஞ்ச வயசுல போயிருக்காரு. குடுத்து வச்சவரு.”

“இப்ப என்ன ஆன்டி பண்றது?”

“சோத்தப் போடு” என்றார் வீரம்மா. “சாவு வீட்டுல எவனாச்சும் பிரியாணி போடுவானா? அதப் பாத்தா புரிஞ்சிருமில்ல?”

மத்தியானம் வோட்டர்களுக்கென்று ஆட்டுக்கறி பிரியாணி சொல்லி வைத்திருந்தான். அண்டாவைத் திறந்ததும் வாசம் தெருக்கோடி வரை போனது. கூடவே பேச்சும் போனது. “எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆட்டுக்கறியா? காலம் கெட்டுப்போச்சு.” சொன்னவர் தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, முகம் சுளித்தவர்கள் எல்லாரும் சுளித்தபடியே ரெண்டாவது தட்டும் வாங்கினார்கள்.

சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கறி பரிமாறுகிறவன் செத்தவனாக இருக்க முடியாதே. ஆனால் விளங்கினவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். விளங்காதவன்தான் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு போனான்.

பிரியாணி அடி அண்டாவுக்கு வந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. தலையில் துண்டு, கையில் குடை, கண்ணில் தாரை தாரையாக நீர். குருவின் அப்பா பக்கிரிசாமி தள்ளாடி இறங்கினார்.

பெரியவர் நிறைந்த வயதில் போனதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கும்பல், பெரியவரே காரில் வந்து இறங்குவதைப் பார்த்தது. ஒரு நிமிடம் உறுமி நின்றது. ஓர் அம்மாள் தட்டோடு ஓடியே போய்விட்டார்.

பக்கிரிசாமி மகனைக் கண்டார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

“நாயே! உசுரோட இருந்துகிட்டு எதுக்குடா டென்ட் போட்ட?”

“அப்பா, எலெக்‌ஷனுப்பா! அடிக்காதீங்கப்பா!”

“எலெக்‌ஷனுக்கு எவன்டா சாவான்?”

கூடாரத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டம். கடைசியில் பெரியவருக்கே மூச்சு வாங்கி, ஒரு நாற்காலியில் விழுந்து, மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். குருவும் அழுதான். தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்பாவைச் சமாதானப்படுத்தி, ஒரு தட்டு சாப்பிட வைத்து, சட்டை மாற்றிக் கிளம்புவதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூவரும் மோட்டார் சைக்கிளில் டேவானுக்குப் பறந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஒலிபெருக்கியில் திருச்செல்வத்தின் குரல். குரு கதவருகே நின்றுவிட்டான்.

மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறையத் திருநீறு. திருச்செல்வம் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வீரம்மா. மைக்கை அவர் கையில் கொடுத்ததே வீரம்மாதான் என்று பிறகு சொன்னார்கள்.

“குரு எனக்குப் போட்டியா நின்ன பையன்தான். ஆனா உண்மைய சொல்லணும். எங்க அம்மா தவறுனப்ப அப்படியொரு மழை. கால்வாய் பொங்கி வீட்டுக்குள்ள வந்துருச்சு. எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க. அந்தப் பையன் ஒருத்தன்தான் தண்ணியில எறங்கி, மேசைமேல மேசை போட்டு, அம்மாவ வச்சிருந்த பெட்டியில ஒரு சொட்டுத் தண்ணி படாம தூக்கி வச்சான். அவன் மட்டும் இல்லன்னா…” அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே உடைந்தது.

கூட்டத்தில் சிலர் துண்டால் வாயைப் பொத்திக் குலுங்கினார்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டவர்கள். அவர்களும் அழுகிறார்கள் என்று நினைத்து, திருச்செல்வம் இன்னும் உருகினார்.

“இந்தத் தாமான்ல அவன் டென்ட் போடாத வீடு உண்டா? நல்லது கெட்டதுக்கு மொத ஆளா வந்து, கடைசி ஆளா போனவன். நாம யாராச்சும் ஒரு நாள் அவனப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்போமா? நாற்காலி தூக்குறவன்னு சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். சத்தியமா சொல்றேன், அந்தப் பையன் மட்டும் இன்னிக்கு உயிரோட இருந்திருந்தா, என் வோட்டையே அவனுக்குத்தான் போட்டிருப்பேன். எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க.”

எழுந்து நின்றார்கள். கதவருகே குருவும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றான். இத்தனை வருடத்தில் இதில் ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழுந்ததில்லை. செத்தால்தான் கேட்க முடியும் என்றால் செத்தது நல்லதுதான் என்றுகூட அவனுக்குத் தோன்றியது. மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தபோதே தன்னை அறியாமல் நாலடி உள்ளே வந்து, கைகூப்பினான்.

“ரொம்ப நன்றி அங்கிள்.”

திருச்செல்வம் திரும்பிப் பார்த்தார். மைக் விழுந்தது. “முருகா!” என்று அவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே வெளிவாசல் வரை கேட்டது.

பிறகு என்ன? டேவானே சிரிப்பில் இடிந்தது. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஷாமினி என்ற பெண், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து, “சரி, ஆள் உயிரோடதான் இருக்காரு. கை தூக்கலாமா?” என்றாள். திருச்செல்வத்துக்குத்தான் முதலில் கேட்டாள். சில கைகள் உயர்ந்தன. குருவுக்குக் கேட்டாள். இரங்கல் சொன்னவர்கள், மெழுகுவர்த்தி போட்டவர், நாற்காலி தூக்குற பையன் என்று சிரித்தவர்கள், எல்லாருடைய கையும் மேலே போனது. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“சார்,” என்றாள் ஷாமினி திருச்செல்வத்தைப் பார்த்து. “உயிரோட இருந்தா உங்க வோட்டு அவருக்குத்தான்னு சத்தியம் பண்ணீங்களே?”

விரதம் இருப்பவர் சத்தியம் தவறலாமா? திருச்செல்வம் உருத்திராட்சத்தைத் தொட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து, கையைத் தூக்கினார்.

இருட்டுகிற நேரத்தில் லேசாகத் தூறல் போட்டது. குருவும் சுகுமாறனும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமி நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, “எம்புள்ள கவுன்சிலர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீரம்மா சுடச்சுட வடை கொண்டு வந்தார்.

“மொத வேலையா கால்வாய்தானே தம்பி?”

“நாளைக்கே போயி நிக்கிறேன் ஆன்டி. ஷாமினியையும் கூட வரச் சொல்லியாச்சு.” குரு வடையைக் கடித்தான். “எல்லாம் இந்த வெள்ளத் துணி பண்ண கூத்து. ஆனா ஒண்ணுதான் புரியல. கன்னையா அண்ணனுக்கு யாரோ பொம்பள போன் பண்ணுச்சாம். அப்பாவுக்கும் யாரோ பொம்பளதானாம். திருச்செல்வம் அங்கிளுக்கும் யாரோ பொம்பள போன் பண்ணி, ‘சாவு வீடு, நீங்க விரதம், வந்துறாதீங்க’ன்னு சொல்லுச்சாம். எவ ஆன்டி அவ?”

வீரம்மா காலித் தட்டை முந்தானையால் துடைத்தார்.

“நம்ம ஆளுங்க உயிரோட இருக்கிறவன எப்பப்பா நல்லவன்னு சொல்லியிருக்காங்க? அதான் நாலு போனைப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் உன்னைச் சாகடிச்சு வச்சேன்.”